லெத்தீசியாவும் தபதிங்காவும்: மூன்று நாடுகள் சந்திக்கும் அமேசான் ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்க வரைபடத்தில் கொலம்பியாவின் தெற்குக் கோடியைக் கவனித்துப் பாருங்கள். நாடு முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்திலிருந்து ஒரு துண்டு நிலம் வால் மாதிரி இறங்கி அமேசான் ஆற்றைத் தொட்டு நிற்கும். அந்த வாலின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது லெத்தீசியா. அதை ஒட்டினாற்போல் பிரேசிலின் தபதிங்கா. எதிரே ஆற்றுத் தீவில் பெருவின் சாந்தா ரோசா. 2025 ஆகஸ்டில் அந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்று கொலம்பியாவும் பெருவும் மல்லுக்கு நின்றபோது செய்திகளில் இந்த ஊர்ப் பெயர் அடிபட்டது. அப்போதிலிருந்து நண்பர்கள் கேட்ட கேள்விகள் இவை. யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்துக்கொண்டவையும் இரண்டு மூன்று உண்டு.

எல்லையில் வேலி, வாயில், சோதனைச்சாவடி எல்லாம் இருக்குமா?

வேலி கிடையாது. ஒரு சாலை இருக்கிறது, அவ்வளவுதான். லெத்தீசியாவில் அதற்குச் சர்வதேசச் சாலை என்று பெயர். எல்லைக்கல்லைத் தாண்டியதும் அதே சாலை தபதிங்காவில் நட்புச் சாலை ஆகிவிடும். கடைப் பலகைகள் ஸ்பானியத்திலிருந்து போர்த்துக்கீசியத்துக்கு மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியது தெரியும். மோட்டார் சைக்கிள்கள் நாள் முழுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் கொலம்பியாவில் வேலை, மதியம் பிரேசிலில் சாப்பாடு, சாயங்காலம் படகில் பெருவுக்குப் போய் மீன் என்று ஒருவர் ஒரே நாளில் மூன்று நாட்டையும் பார்த்துவிடலாம். வெளியூர்க்காரருக்கு அது வேடிக்கை. அங்கே இருப்பவருக்கு அது கடைத்தெருவுக்குப் போய்வருவது.

ஆனால் வரைபடத்தில் இந்த எல்லை ஒரு கோடு போட்டாற்போல் நேராக இருக்கும். தபதிங்காவிலிருந்து வடக்கே அப்பபோரிஸ் ஆறு கலக்கும் இடம் வரை, காடு, ஓடை, ஊர் எதையும் பார்க்காமல் இழுத்த நேர்கோடு அது. 1851இல் பிரேசிலும் பெருவும் ஒப்பந்தம் போட்டு வரைந்தது. அந்தக் கோடு எந்தெந்த மரத்தின் வழியாகப் போகிறது என்று அப்போது பார்த்தவர் யாரும் இல்லை.

கடவுச்சீட்டு வேண்டாமா?

இரண்டு ஊருக்குள் உலாவ யாரும் கேட்பதில்லை. ஊரைத் தாண்டி உள்நாட்டுக்குள் போவதென்றால் முத்திரை கட்டாயம். ஆற்றின் கீழ்ப்பக்கமுள்ள பிரேசில் நகரமான மனாவுசுக்குக் கப்பல் ஏறப் போகிறவர், லெத்தீசியா விமான நிலையத்தில் கொலம்பியாவின் வெளியேறும் முத்திரையும், தபதிங்காவில் பிரேசில் கூட்டாட்சிப் போலீஸிடம் நுழைவு முத்திரையும் வாங்க வேண்டும். பெருவுக்கு என்றால் சாந்தா ரோசாவில் குத்துவார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு மூன்று நாட்டிலும் விசா விதிகள் வேறு வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். கிளம்பும் முன் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைப் பையிலேயே வைத்திருங்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது? சாலை உண்டா?

லெத்தீசியாவிலிருந்து வடக்கே புத்துமாயோ ஆற்றங்கரையில் உள்ள தராபக்கா என்ற ஊருக்குச் சாலை போட ஆரம்பித்தார்கள். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரோடு அது காட்டுக்குள் முடிந்துபோனது. அந்தச் சாலையோரக் குடியிருப்புகளை "கிலோமீட்டர் 6", "கிலோமீட்டர் 11" என்று எண்ணாலேயே அழைக்கிறார்கள். மற்றபடி நாட்டின் வேறெந்த ஊரோடும் இதற்குச் சாலைத் தொடர்பு இல்லை. தலைநகர் போகோத்தாவிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். தேசிய மின்கட்டமைப்பிலும் ஊர் இணையவில்லை. டீசல் ஜெனரேட்டர்தான்.

ஆற்று வழி மெதுவானது, ஆனால் அதுதான் பழைய வழி. தபதிங்காவில் கப்பல் ஏறினால் ஆற்றோட்டத்தோடு மூன்று நான்கு நாளில் மனாவுஸ். எதிர்த்து வருவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம். டிக்கெட் என்பது மேல்தளத்தில் தொட்டில்படுக்கை கட்டிக்கொள்ளும் உரிமை. படுக்கையை நீங்களே சந்தையில் வாங்கிக்கொண்டு போய், கொக்கிக்கு இடம் பிடிக்க வேண்டும். இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் பக்கத்தில் மட்டும் கட்டிவிடாதீர்கள். பெருவின் இக்கித்தோசுக்கு விரைவுப் படகு இருக்கிறது, அதற்கு ஒரு பகல்பொழுது போய்விடும்.

பக்கத்து ஊர்களுக்குப் போக நீண்ட தண்டு வைத்த மோட்டார் பூட்டிய ஓடம். அதன் பெயர் "பெக்கே-பெக்கே". மோட்டார் போடும் சத்தமே பெயராகிவிட்டது. நம் இரட்டைக்கிளவி அங்கேயும் வேலை செய்கிறது.

லெத்தீசியா என்பது யார் பெயர்?

ஒரு பெண்ணின் பெயர். இன்றைய கொலம்பிய ஊரை 1867 ஏப்ரல் 25இல் நிறுவியது பெரு நாடு, பெனிக்னோ புஸ்தமாந்தே என்ற அதிகாரி. முதலில் சான் அந்தோனியோ என்றுதான் பெயர் வைத்தார்கள். இக்கித்தோசில் இருந்த லெத்தீசியா ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பெண்மேல் ஒரு பொறியாளருக்குப் பிரியம் என்றும், அவர்தான் பெயரை மாற்றினார் என்றும் ஊர்க்கதை சொல்கிறது. அந்தப் பெண் இந்தப் பக்கம் வந்து பார்த்தாரா என்பதைப் பற்றிக் கதைக்குக் கவலை இல்லை.

தபதிங்கா அதைவிட மூத்தது. போர்த்துக்கீசியர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்பானியரைத் தடுக்கக் கட்டிய கோட்டையைச் சுற்றி வளர்ந்தது. அப்படியும் பக்கத்து பெஞ்சமின் கான்ஸ்தான்ட் நகராட்சியிலிருந்து பிரிந்து தனி நகராட்சியாக உருவாக்கப்பட்டது 1981இல்தான். இப்போது ஆள்தொகையில் அது லெத்தீசியாவை முந்திவிட்டது: 2022 கணக்கெடுப்பில் 66,000க்கும் மேல்.

ரப்பர் காலத்தில் இந்தப் பகுதியில் என்ன நடந்தது?

இதை யாரும் கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் பின்னால் வரும் சண்டை புரியாது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைக்கிளுக்கும் காருக்கும் டயர் வேண்டியிருந்தது. ரப்பர் மரம் அமேசான் காட்டில் மட்டுமே தானாக வளர்ந்தது. மனாவுசில் 1896இல் திறந்த ஓபரா அரங்கு அந்தப் பணத்தில் கட்டியது. லெத்தீசியாவுக்கு வடக்கே புத்துமாயோ ஆற்றுப் பகுதியிலோ பணம் வேறு மாதிரி வந்தது. ஹூலியோ செசார் அரானா என்ற பெருவிய வணிகரின் கம்பெனி, 1907இல் லண்டனில் பதிவு செய்யப்பட்டது, உயித்தோத்தோ, போரா, அந்தோக்கே, ஒக்காய்னா மக்களை அடிமைகளாக்கி ரப்பர் பால் சேகரிக்க வைத்தது. எடை குறைந்தால் சவுக்கடி, அல்லது சாவு. முதுகில் ஆறாத அந்தத் தழும்புகளுக்கு "அரானாவின் முத்திரை" என்றே பெயர் வந்தது. பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ரோஜர் கேஸ்மென்ட் 1910இல் நேரில் போய் விசாரித்தார். அவருடைய அறிக்கை 1912இல் வெளியானது. பல பத்தாயிரம் பேர் இறந்திருப்பதாக அவர் கணக்கிட்டார். இதே கேஸ்மென்டை அயர்லாந்து விடுதலைக்காக நின்றார் என்று 1916இல் பிரிட்டனே தூக்கிலிட்டது.

கொடுமையை நிறுத்தியது அறிக்கையா, சந்தையா என்று கேட்டால் நான் சந்தை என்பேன். நம் கதை இங்கே வந்து சேர்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. அங்கிருந்து மலாயாவுக்கும் பரவியது. காட்டைச் சுற்றி மரம் தேடாமல், வரிசையாக நட்ட மரத்தில் விடியற்காலையில் கீறிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் கூட்டிப்போன தமிழர்கள். 1913வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் பிரேசில் காட்டு ரப்பரை உற்பத்தியில் முந்தியது. அமேசான் விலை சரிந்தது, கம்பெனி மூடியது. ஒரு கூலி வரிசையின் துன்பம் இன்னொரு கூலி வரிசையின் துன்பத்தை விலையில் வென்றது என்பதைத் தவிர இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

தப்பிய உயித்தோத்தோ, போரா குடும்பங்களின் வழிவந்தவர்கள் சிலர் இன்று லெத்தீசியாவின் அந்த "கிலோமீட்டர்" குடியிருப்புகளில் இருக்கிறார்கள். கொலம்பிய அரசு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2012இல். நூறு ஆண்டு ஆயிற்று.

பெரு நிறுவிய ஊர் கொலம்பியாவுக்கு எப்படிப் போனது?

காகிதத்தில். 1922 மார்ச் 24இல் பெருவின் தலைநகர் லீமாவில் சலோமோன்–லொசானோ ஒப்பந்தம் கையெழுத்தானது. புத்துமாயோ ஆறு எல்லை என்று வகுத்துவிட்டு, அதற்குத் தெற்கே ஒரு நாற்கரத் துண்டை மட்டும் கொலம்பியாவுக்குக் கொடுத்தார்கள், அமேசானில் கொலம்பியாவுக்கு ஒரு துறை வேண்டும் என்பதற்காக. நான் முதலில் சொன்ன வால் அதுதான். ஸ்பானியத்தில் அதற்கு "அமேசான் சரிவகம்" என்றே பெயர். பள்ளிக்கூட வடிவியல் வகுப்பில் கேட்ட சொல்லை ஒரு நிலத்துக்கு வைத்திருக்கிறார்கள். அந்த 116 கிலோமீட்டர் கரைதான் அமேசான் ஆற்றில் கொலம்பியாவின் மொத்தப் பங்கு.

பெருவின் சர்வாதிகாரி லெகியா இதை ரகசியமாக வைத்திருந்து, பிறகுதான் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார். 1930 ஆகஸ்ட் 17இல் லெத்தீசியா கைமாறியது. அடுத்த வாரமே ராணுவப் புரட்சியில் லெகியா கவிழ்ந்தார். எல்லையை ஒட்டிய பெருவின் லொரேத்தோ மாகாணத்து மக்களுக்கு இது பொறுக்கவில்லை. தங்கள் ஆள்கள் இருந்த ஊர், தங்கள் தோட்டங்கள் இருந்த நிலம், யாரையும் கேட்காமல் லீமாவில் தானம் செய்யப்பட்டது என்ற கோபம்.

அதனால்தான் போர் வந்ததா?

ஆமாம். 1932 செப்டம்பர் 1 விடியற்காலையில் லொரேத்தோவைச் சேர்ந்த ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் லெத்தீசியாவில் இறங்கியது. தலைமை ஒரு பொறியாளர், ஒஸ்கார் ஒர்தோஞெஸ். கொலம்பியாவுக்கு அங்கே இருந்ததோ விரல்விட்டு எண்ணும் போலீஸ்காரர்கள். ஊர் கைமாறியது. பெருவின் புது அதிபர் சான்செஸ் செர்ரோ முதலில் தயங்கினார், பிறகு மக்கள் கோபத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கொலம்பியாவில் தேசபக்தி பொங்கியது. போர் நிதிக்காகத் தம்பதிகள் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு சிக்கல்: சொந்த நாட்டின் தெற்கு முனைக்குப் படையை எப்படிக் கொண்டுபோவது? மலையும் காடும் குறுக்கே நின்றன, சாலை இல்லை. ஆகவே ஐரோப்பாவில் வாங்கிய கப்பல்களையும் சேர்த்துக்கொண்டு படை அட்லாண்டிக் கடலைச் சுற்றி, பிரேசிலின் பெலெம் துறையில் நுழைந்து, அமேசானில் எதிரோட்டமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்தது. தன் ஊரை மீட்க வேறொரு நாட்டின் ஆறு முழுவதையும் ஏறிவந்த படை உலகில் அதிகம் இருக்காது. தளபதி அல்ஃப்ரெதோ வாஸ்கெஸ் கோபோ. பிரேசிலோடு எல்லை பேசி 1907இல் கையெழுத்துப் போட்ட அமைச்சரும் இவரேதான். லெத்தீசியா விமான நிலையத்துக்கு இப்போது இவர் பெயர்.

1933 பிப்ரவரியில் தராபக்காவில் சண்டை, மார்ச்சில் குவேப்பியில் சண்டை. குண்டில் செத்தவர்களைவிடக் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் அதிகம் என்பார்கள். கொலம்பிய விமானங்களை ஓட்டியவர்களில் ஜெர்மானியர் பலர், ஒரு பயணி விமானக் கம்பெனியிலிருந்து வந்தவர்கள். ஏப்ரல் 30இல் லீமாவில் சான்செஸ் செர்ரோ சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னால் அதிபராக வந்த பெனாவிதெஸ், கொலம்பிய லிபரல் கட்சித் தலைவர் அல்ஃபோன்சோ லோபெஸ் புமரேகோவுக்குப் பழைய நண்பர். நட்பு பேச்சுவார்த்தையாக மாறியது.

லெத்தீசியாவை ஐ.நா. ஆண்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

ஐ.நா. இல்லை, அதற்கு முன்னிருந்த சர்வதேச சங்கம். 1933 மே 25இல் ஜெனீவாவில் உடன்பாடு. ஜூன் 25 முதல் ஓராண்டுக்கு ஊரை ஒரு சர்வதேசக் குழு நிர்வகித்தது: ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரி, ஒரு பிரேசிலியர், ஒரு ஸ்பானியர். சங்கத்தின் கொடி காட்டுக்குள் பறந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அந்தச் சர்வதேசப் படை. தனியாகப் படை ஏது? கொலம்பியச் சிப்பாய்களையே நிறுத்தி, கையில் சங்கத்தின் பட்டையைக் கட்டிவிட்டார்கள். பட்டை இருக்கும்வரை அவர்கள் உலகத்தின் சிப்பாய்கள். பின்னாளில் வந்த நீலத் தொப்பி அமைதிப்படைக்கு இதை ஒரு முன்னோட்டமாகச் சொல்வதுண்டு.

1934 மே 24இல் ரியோவில் இறுதி உடன்படிக்கை கையெழுத்தானது. அடுத்த மாதம் ஊர் கொலம்பியாவுக்கே திரும்பியது. அதாவது 1922 ஒப்பந்தத்தில் எழுதியது எதுவும் மாறவில்லை.

சே குவேரா இங்கே கால்பந்து ஆடினாரா?

பயிற்சியாளராக இருந்தார். 1952 ஜூனில் அவரும் நண்பர் அல்பெர்தோ கிரனாதோவும் பெருவின் ஒரு தொழுநோய் இல்லத்திலிருந்து மரத் தெப்பத்தில் மிதந்து வந்தார்கள். ஓட்டம் இழுத்ததில் லெத்தீசியாவைத் தாண்டி பிரேசில் பக்கம் போய்விட்டு, திரும்பி வந்து சேர்ந்தார்கள். கையில் காசில்லை. அர்ஜென்டினாக்காரர் என்றதும் ஊர் அணி ஒன்று பயிற்சி தரச் சொல்லியது. சில நாள்களில் விமானமேறி போகோத்தா போனார்கள். அர்ஜென்டினாக்காரர் என்றால் பந்து தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை மூன்று நாட்டுக்கும் பொது.

போதைப்பொருள் கடத்தல் ஊர் என்கிறார்களே?

பொய் இல்லை. 1960களிலும் 70களிலும் முதலில் போனது உயிருள்ள விலங்கும் தோலும். ஆய்வுக்கூடங்களுக்குக் குரங்கு, அலங்காரத்துக்குச் சிறுத்தைத் தோல், மீன்தொட்டிக்கு மீன். அந்த வணிகத்துக்குச் சட்டம் கடிவாளம் போட்டபோது கோக்கைன் தயாரிக்கும் கோக்கா பசை பெருவிலிருந்து வந்தது. குரங்கு வணிகத்தில் பேர் வாங்கிய ஓர் அமெரிக்கர் 1989இல் மரக்கட்டைக்குள் மூன்று டன்னுக்கு மேல் கோக்கைன் ஒளித்துக் கொண்டுபோனதற்காக ஃபுளோரிடாவில் பிடிபட்டார். இப்போது சொலிமோயிஸ், அதாவது மனாவுஸ் வரை அமேசானுக்குப் பிரேசிலில் உள்ள பெயர், கடத்தல் கும்பல்களின் முக்கியப் பாதை. 2022 ஜூன் 5இல் பக்கத்து யாவரிப் பள்ளத்தாக்கின் ஓர் ஆற்றில் பழங்குடி உரிமைப் பணியாளர் புரூனோ பெரேராவும் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் டாம் பிலிப்ஸும் கொல்லப்பட்டார்கள். சட்டவிரோத மீன்பிடிப்பை அம்பலப்படுத்தியது காரணம். வெளியுலகத் தொடர்பைத் தவிர்த்து வாழும் குழுக்கள் உலகிலேயே அதிகமாக உள்ள பகுதி அந்த யாவரிப் பள்ளத்தாக்கு.

பயணிக்கு? பகலில் ஊருக்குள் பயமில்லை. ராத்திரி ஆற்றங்கரையில் தனியாகச் சுற்றாதீர்கள். எந்தத் துறைமுக ஊருக்கும் சொல்வதுதான்.

அங்கே பூர்வகுடிகள் யார்?

திக்குனா மக்கள். மூன்று நாட்டிலும் பரவியிருக்கிறார்கள். பிரேசில் அமேசானின் மிகப் பெரிய பழங்குடி இவர்கள்தான். தங்களை "மகூத்தா" என்பார்கள், தூண்டிலில் பிடிக்கப்பட்டவர்கள் என்று பொருள். யோயி என்ற மூதாதை எவாரே ஓடையில் தூண்டில் போட்டார். பனங்கொட்டையைத் தூண்டிலில் மாட்டியபோது வந்த மீன்கள் விலங்குகளாகிவிட்டன. மரவள்ளிக் கிழங்கை மாட்டியபோதுதான் வந்தவர்கள் மனிதர்களானார்கள். எந்தத் தேவரும் எல்லைக்கல் நட்டதாக அந்தக் கதையில் இல்லை.

பெண் பூப்பெய்தியதும் தனியறையில் வைத்து, பிறகு ஊரைக் கூட்டி விழா. மரப்பட்டைத் துணியில் செய்த முகமூடிகள், உயித்தோ பழத்தின் கருஞ்சாயம், புளிக்கவைத்த கிழங்குக் கள், நாள்கணக்கில் ஆட்டம். முன்பு பெண்ணின் தலைமுடியைக் கையால் பிடுங்குவார்கள், ஸ்பானியத்தில் விழாவின் பெயரே அதிலிருந்து வந்தது. இப்போது பல இடங்களில் கத்தரிக்கோல்.

நிலத்துக்காக அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 1988 மார்ச் 28இல் பெஞ்சமின் கான்ஸ்தான்ட் பக்கத்தில் கூட்டம் கூடியிருந்த திக்குனாக்களை ஒரு மர வியாபாரியின் ஆள்கள் சுட்டார்கள். நான்கு உடல்கள் கிடைத்தன, பத்துப் பேர் ஆற்றோடு போனார்கள். பின்னர் நீதிமன்றத்தில் அது இனப்படுகொலை வழக்காக நடந்தது. அந்த ஊரிலேயே 1991இல் திக்குனாக்கள் மகூத்தா அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள்.

என்ன மொழி பேசுவார்கள்?

ஸ்பானியம், போர்த்துக்கீசியம், இரண்டையும் குழைத்த "போர்த்துஞோல்", கூடவே திக்குனா. திக்குனாவில் சுருதி மாறினால் சொல்லின் பொருளும் மாறும். சுற்றுவட்டாரத்தில் பேசப்படும் மற்ற மொழிகளோடு அதற்கு நெருங்கிய உறவு தெரியவில்லை. சந்தையில் ஒரே மீனுக்கு இரண்டு பெயர் சொல்வார்கள்: பிரேசிலில் பிராருக்கு, பெருவில் பைச்சே. இரண்டு மீட்டரைத் தாண்டி வளரும், மூச்சுவிட நீர்ப்பரப்புக்கு வரும் மீன் அது. மூச்சுவிட வரும்போதுதான் ஈட்டி பாயும்.

சாப்பாடு?

இட்லி கிடைக்காது, பட்டினியும் கிடையாது. மரவள்ளிக் கிழங்கைத் துருவி, பிழிந்து, வறுத்த மணிமணியான "ஃபரீஞா" எல்லாத் தட்டிலும் இருக்கும். முதல் வாய்க்குச் சரளைக்கல் மாதிரி இருக்கும். குழம்பில் ஊறவிட்டால் நாக்கு பழகிவிடும். இலையில் சுருட்டிச் சுட்ட மீன் பெரு பக்கத்துச் சமையல். சாந்தா ரோசாவின் ஓட்டல்களுக்கு எலுமிச்சையில் ஊறிய மீனான செவிச்சேவுக்காகவே லெத்தீசியாக்காரர்கள் படகேறிப் போவார்கள். பனைமரத்துக்குள் வளரும் கொழுத்த புழு, "மொஹொஹோய்", சுட்டுத் தருவார்கள். கோபோவாசு பழச்சாறைத் தவறவிடாதீர்கள்.

நம் வீட்டு மரவள்ளியும் அன்னாசியும் தென் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. அன்னாசி என்ற சொல்லே அங்குள்ள துப்பி மொழிச் சொல், போர்த்துக்கீசியர் வாய்வழியாக நம்மிடம் வந்தது.

மூன்று நாட்டுச் சட்டத்தில் சாதாரணக் குடும்பம் எப்படிப் பிழைக்கிறது?

கெட்டிக்காரத்தனமாக. பிரேசிலில் பொது மருத்துவம் எல்லோருக்கும் இலவசம், அந்த மண்ணில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமையும் உண்டு. கொலம்பியாவில் மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரமாக அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும். ஆகவே எந்தக் கரையில் பிரசவம் என்பது இங்கே குடும்பம் உட்கார்ந்து பேசும் விஷயம். கடைகளில் கொலம்பியப் பெசோவும் பிரேசில் ரெயாலும் புழங்கும். சாந்தா ரோசாவில் பெருவின் சோல் வேறு.

மணிக்கணக்கிலும் குழப்பம் வந்தது. மூன்று ஊருக்கும் ஒரே நேரம்தான். 2008இல் பிரேசில் தன் மேற்குக் கோடியின் நேர மண்டலத்தை ஒழித்ததும் தபதிங்கா ஒரு மணி முன்னால் போய்விட்டது. தெருவைக் கடந்தால் ஒரு மணி நேரம் போச்சு. 2013 நவம்பரில்தான் பழைய நேரம் திரும்பியது.

2020இல் கொரோனா வந்தபோது இந்தச் சௌகரியமெல்லாம் ஒரே நாளில் நின்றது. மக்கள்தொகை விகிதத்தில் கொலம்பியாவிலேயே மோசமாக அடிபட்டது லெத்தீசியாதான். போகோத்தா எல்லைக்கு ராணுவத்தை அனுப்பியது. மருத்துவமனைக்கு வேண்டிய ஆளும் பிராணவாயுவும் பிந்தியே வந்தன. தலைநகரங்களுக்கு இந்த ஊரின் நினைப்பு வருவது எல்லையாக மட்டும்தான்.

சாந்தா ரோசா தீவுச் சண்டை என்ன?

ஒப்பந்தப்படி எல்லை ஆற்றின் ஆழமான ஓட்டம். 1929இல் இரு நாட்டுக் குழு அப்போதிருந்த தீவுகளைப் பங்கிட்டது. ஆறு பிறகும் சும்மா இருக்கவில்லை. மண்ணை அரித்தது, வேறிடத்தில் கொட்டியது, தீவுகள் ஒட்டின, பிரிந்தன. சாந்தா ரோசா, 1929இல் தங்களுக்கு வந்த சினேரியா தீவின் பகுதி என்கிறது பெரு. பங்கீட்டுக்குப் பிறகு எழுந்த நிலம், இன்னும் பங்கிடப்படவில்லை என்கிறது கொலம்பியா. 2025 ஜூலையில் பெரு அதைத் தனி மாவட்டமாக்கச் சட்டம் போட்டது. ஆகஸ்ட் 7இல் கொலம்பிய அதிபர் பெட்ரோ, வழக்கமாக வேறிடத்தில் நடக்கும், விடுதலைப் போரின் பொயாக்கா வெற்றி விழாவை லெத்தீசியாவில் நடத்தி எதிர்ப்புக் காட்டினார்.

தீவில் இருக்கும் சுமார் 3,000 பேர் தாங்கள் பெருவியர் என்றுதான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம், போலீஸ் எல்லாம் பெருவினுடையது. என் பார்வையில் கொலம்பியாவின் உண்மையான பயம் தீவு அல்ல, தண்ணீர். ஓட்டம் பெரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகிறது. 2030வாக்கில் லெத்தீசியாவின் துறை வறண்டுவிடலாம் என்று கொலம்பியக் கடற்படை எச்சரித்திருக்கிறது. அமேசானில் ஒரு துறை வேண்டும் என்பதற்காகவே வெட்டி எடுத்த வால் அது.

எந்த மாதத்தில் போகலாம்?

ஏப்ரல், மே மாதங்களில் ஆறு நிறைந்து காட்டுக்குள் ஏறியிருக்கும். மரக்கிளைகளுக்கு நடுவே ஓடம் போகும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வற்றும். இரண்டு மட்டத்துக்கும் பத்து மீட்டருக்கு மேல் வித்தியாசம், அதனால்தான் கரையோர வீடுகள் உயரக் கால்கள்மேல் நிற்கின்றன, அல்லது கட்டைகள்மேல் மிதக்கின்றன. எந்த மாதமானாலும் சாயங்காலம் ஐந்தரைக்கு சந்தாந்தேர் பூங்காவில் இருங்கள். ஆயிரக்கணக்கான சிறு கிளிகள் இரவு தங்க வந்து மரங்களில் இறங்கும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. தலைக்கு ஒரு தொப்பியும் நல்லது.

2024 மாதிரி வறட்சி வந்தால் கணக்கெல்லாம் தப்பும். அந்த ஆண்டு தபதிங்காவின் அளவுகோலில் நீர்மட்டம் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கியது. படகு நின்ற இடத்தில் மணல்திட்டு. ஆற்றோரச் சிற்றூர்க்காரர்கள் வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு, நேற்றுவரை அமேசானாக இருந்த மணலில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து சந்தைக்கு வந்தார்கள்.